பதிவாளர் நாயகம் அருணாசலம்

சேர் பொன்னம்பலம் அருணாசலம் என்றதும் இலங்கைத் தேசிய காங்கிரசே பலருக்கும் நினைவில் எழுகின்றது. 1919ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 11ஆம் திகதி அம்மகாசபை தொடங்கியபோது, சிங்களவரும் தமிழரும் ஒருமித்துத் தமது முதற்றலைவராக ஏற்றுக்கொண்டவர் அவரே. பாடசாலைப் பிள்ளைகள் மனனஞ் செய்யும் செய்தியும் இதுவே. ஆனால் அன்று தலைமையாசனத்தில் அமர்ந்தவருக்கு வயது அறுபத்தாறு. அதன்பின் அவர் உயிர்வாழ்ந்தது நாலாண்டுகளும் சில நாட்களுமே. ஒருவருடைய வாழ்நாளில் கடைசி நாலாண்டை மட்டும் படித்துவிட்டு அவரை அறிந்துகொண்டோம் என்று கருதுதல் பொருந்துமா? அறுபத்தாறு ஆண்டுகள் அம்மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார்? மேடைகளிலே காணமுடியாத அருணாசலத்தை அங்கேதான் தேடவேண்டும்.

அவர் பிறந்தது 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் திகதி, கொழும்பில். தந்தையார் பொன்னம்பல முதலியார். தாயார் செல்லாச்சி அம்மையார். மூவர் ஆண்மக்களுள் இவரே இளையவர். மூத்தவர் குமாரசுவாமி, நடுவர் இராமநாதன். தாய்மாமனார் சேர் முத்துக் குமாரசுவாமி. கலைஞானி ஆனந்த குமாரசுவாமி அவருடைய மைந்தர். இத்தகைய குடும்பத்தில் இளையவராய்ப் பிறப்பது பேறும் ஆகும், பாரமும் ஆகும். தமையனார் இராமநாதனின் நாவன்மையும் செல்வாக்கும் எங்கும் பேசப்பட்டன. தம்பியாரோ ஆரவாரமின்றிக் கோப்புகளுக்கிடையே வளர்ந்தவர்.

பிற்காலத்தில் றோயல் கல்லூரி எனப் பெயர்பெற்ற கொழும்பு அக்கடமியிற் கற்று, புலமைப் பரிசில் பெற்று, கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரிக்குச் சென்றார். 1875இல் பகிரங்கப் போட்டிப் பரீட்சையில் தேறி இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்தார். தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிய சைமன் காசிச்செட்டி போன்றோர் அதற்கு முன்னரே நியமனத்தினால் அச்சேவையில் இடம்பெற்றதுண்டு. ஆயினும் ஆங்கில இளைஞரோடு ஒரே பரீட்சையில் அமர்ந்து, அவரோடு சரிநிகராய் வென்று உள்ளே புகுந்த முதல் இலங்கையர் அருணாசலமே. அவ்வாறு புகுந்தவரை உள்ளிருந்தோர் மலர்தூவி வரவேற்றார்கள் என்று எண்ணவேண்டா. ஆண்டுகள் பல, சிறிய நீதிமன்றங்களிலே, ஊரூராய் மாறுதல் பெற்றுக் கழிந்தன. இராச்சியத்தின் வருமானத்தையும் ஆட்சியையும் கையாளும் கச்சேரிப் பதவிகள் வெள்ளையருக்கே உரியன என்பது அக்காலத்து எழுதாச் சட்டம். நாட்டவர் ஒருவர் நீதவானாயிருக்கலாம்; அரசாங்க ஏசண்டாக ஆகலாகாது!

இந்த எழுதாச் சட்டத்தைச் சற்று மீறிப் பார்த்தவர் 1883 முதல் 1890 வரை தேசாதிபதியாயிருந்த சேர் ஆதர் கோடன். மூப்பில் முந்திய பலரையும் கடந்து, பதிவாளர் நாயகத்தின் பதவியைப் பார்க்குமாறு அருணாசலத்தை அவர் நியமித்தார். சேவையிலே முணுமுணுப்பு எழுந்தது. பின்னர் அத்திணைக்களத்தின் பொறுப்பு முழுவதும் இவர் கைக்கு வந்தது.

பதிவாளர் நாயகத்தின் தொழில் யாது? பிறப்பு, இறப்பு, விவாகம், காணி உறுதி ஆகிய நான்கையும் ஏட்டிலே பதிந்து காப்பது. வெளிப்பார்வைக்கு இதனினும் வறண்ட உத்தியோகம் வேறில்லை. ஆனால் ஆழ்ந்து நோக்கின், ஓர் ஏழையின் உரிமை முழுவதும் தங்கியிருப்பது அந்த ஏட்டிலேதான். பிறப்புப் பதிவு இல்லாத பிள்ளைக்கு வயதை நிறுவ வழியில்லை. விவாகப் பதிவு இல்லாத விதவைக்கு முதுசம் கிடையாது. உறுதிப் பதிவு ஒழுங்காயில்லாத இடத்தில் ஒரே காணியை இருவருக்கு விற்கும் கள்ளன் கொழிப்பான். அக்காலத்தில் இந்நாட்டின் காணிப் பதிவு முறையோ உறுதியைப் பதிவதாயிருந்ததேயன்றி உரித்தை நிலைநாட்டுவதாயிருக்கவில்லை. ஆகவே பழைய உறுதிகளைத் தேடிப்பார்க்கும் அட்டவணை சீராயிருந்தாலன்றி வாங்குவோனுக்குப் பாதுகாப்பில்லை. கந்தோரில் தூசிபடிந்த ஏடுகளை ஒழுங்குபடுத்துவதைப் புகழ்ந்து எவரும் பரணி பாடுவதில்லை. அருணாசலம் அதனைச் செய்தார்.

அவ்வேலையின் முடிமணியாக அமைந்தது 1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பு. இலங்கை முழுவதும் ஒரே நாளில் மக்களை எண்ணும் முறை 1871இல் தொடங்கியது. 1901ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதலாந் திகதி நிகழ்ந்தது நாலாவது மதிப்பு. அதனை நடத்தும் பொறுப்பு அருணாசலத்தினுடையது. மலைநாட்டுத் தோட்டங்கள், வன்னிக் காடுகள், நெய்தற்கரையின் மீன்பிடிக் குடிசைகள், துறைமுகத்து வள்ளங்கள் ஆகிய எங்கும் கணக்கெடுப்போர் செல்லவேண்டும். எழுத்தறியாத மக்களிடம் கேட்டு எழுதவேண்டும். வரி போடவோ ஆள்பிடிக்கவோ இந்தக் கணக்கென்று அஞ்சுவோரின் ஐயத்தைத் தீர்க்கவேண்டும். முடிவில் கிடைத்த தொகை 35,65,954. இவருள் சிங்களவர் ஏறக்குறைய 23 இலட்சம். தமிழர் ஒன்பதரை இலட்சம். தோட்டங்களில் வசித்தோர் மாத்திரம் நான்கு இலட்சத்துக்கு மேல்.

எண்களைக் கூட்டிக் கொடுத்துவிட்டால் உத்தியோகத்தரின் கடமை தீர்ந்தது. அருணாசலத்துக்கு அது தீரவில்லை. அவர் எழுதிய அறிக்கை இலங்கையின் வரலாறு, சமயங்கள், மொழிகள், மக்களின் வழக்கங்கள், நோய்கள் ஆகியவற்றையெல்லாம் தழுவிய நூற்கோவையாக விரிந்தது. அரசாங்க அறிக்கை என்னும் போர்வைக்குள் தம் நாட்டவருக்கு அவர்தம் நாட்டையே அவர் அறிமுகஞ் செய்தார் எனலாம். பின்னர், 1906இல், இலங்கைச் சரித்திரம் பற்றிய அவருடைய சிறுநூல் வெளிவந்தது. மகாவமிசத்தையும் தமிழ் மரபையும் ஒருங்கே மதித்துப் படித்த கண் அதிலே தெரிகின்றது. இக்காலத்தில் குடிசனத் தொகையைக் கையிலெடுப்போர் பெரும்பாலும் ஓரினத்தை மற்றோரினத்தோடு நிறுத்துப் பார்ப்பதற்கே எடுக்கின்றனர். இருசாராரையும் எண்ணிய மனிதர் அவ்வெண்களை அதற்காக எழுதவில்லை.

இனி, அவருடைய நட்பொன்றைக் குறிப்பிடவேண்டும். கேம்பிரிட்ஜிலே அவருக்குத் தோழரானவர் எட்வேட் கார்ப்பென்டர் என்னும் ஆங்கிலேயர். குருத்துவத்தையும் கல்லூரிப் பதவியையும் துறந்து, செபீல்டு நகரின் அயலில் ஒரு கிராமத்தில் குடியேறி, தோட்டம் கொத்தியும், தம் கையாலேயே பாதரட்சை தைத்தும், தொழிலாளர் இயக்கத்துக்கு உழைத்தும் வாழ்ந்தவர். அவருக்குப் பகவத்கீதையின் மொழிபெயர்ப்பொன்றை அனுப்பிவைத்தவர் அருணாசலம். தம் முதன்மையான கவிதை நூலுக்கு அதுவே சுருதி கூட்டிற்று என்று கார்ப்பென்டர் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். 1890இல் அவர் இலங்கைக்கு வந்தபோது, தமிழகத்திலிருந்து வந்து குருணாகலில் தங்கியிருந்த இராமசாமி என்னும் ஞானியிடம் நண்பரை அழைத்துச் சென்றார் அருணாசலம். அந்த ஞானியே அருணாசலத்துக்கும் குரு. ஆங்கிலேயர் அடக்கத்தோடு கேட்பவராயிருந்தார். சிவில் உத்தியோகத்தர் மொழிபெயர்த்துச் சொல்பவராயிருந்தார். இவ்வனுபவங்கள் 1892இல் கார்ப்பென்டர் வெளியிட்ட பயண நூலில் இடம்பெற்றுள்ளன. ஆளுவோரும் ஆளப்படுவோரும் அக்காலத்தில் சந்தித்த முறைக்கு இது முற்றும் மாறானதன்றோ!

திருவாசகத்தையும் தாயுமானவரையும் அருணாசலம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது பொழுதுபோக்காகவன்று. கந்தோரில் ஆங்கிலம், வீட்டிலே திருமுறை என்று இரண்டு வாழ்வு வாழ அவர் விரும்பவில்லை. பொலன்னறுவையிற் கண்டெடுக்கப்பட்ட நடராசர் முதலிய வெண்கலத் திருவுருவங்களைப் பற்றி வேத்தியல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் அவர் விரிவுரை நிகழ்த்தியபோது, தொல்பொருட் காட்சிப் பொருளாய் மாத்திரம் அவற்றை நோக்கியிருந்த அறிஞருக்கு, அவை வழிபடப்படும் மூர்த்தங்கள் என்பதை எடுத்துக்காட்டினார். அக்கழகக் கிளையின் தலைவர் பதவியை அடைந்த முதல் இலங்கையரும் அவரே.

1906ஆம் ஆண்டில் இலங்கைக்கு ஒரு சர்வகலாசாலை வேண்டும் என்னும் கிளர்ச்சியை அவர் முன்னின்று நடத்தினார். அப்போதும் அவர் அரசாங்க சேவையில் இருந்தார் என்பதை மறத்தலாகாது. பரீட்சைத்தாள் இங்கிலாந்திலிருந்து வரும். விடைத்தாள் இங்கிலாந்துக்குப் போகும். நடுவே பிள்ளை தாய்மொழியை மறப்பான் என்ற நிலை அவருக்குப் பொறுக்கவில்லை. சிங்களத்துக்கும் தமிழுக்கும் உயர்கல்வியில் இடம் வேண்டும் என்றார். 1921இல் கொழும்பில் சர்வகலாசாலைக் கல்லூரி திறக்கப்பட்டதைக் காண அவருக்குக் கொடுத்துவைத்தது. 1942இல் அது முழுச் சர்வகலாசாலையானபோது அவர் இல்லை. பேராதனை வளாகத்தில் மாணவர் விடுதி ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

1913இல் ஓய்வு பெற்றார். மறுவருடம் சேர் பட்டம் வந்தது. பட்டமும் உபகாரச் சம்பளமும் பெற்ற முதியோர் அக்காலத்திற் செய்யும் காரியம், மாளிகையின் முன்விறாந்தையில் சாய்வு நாற்காலி போட்டு அமர்வதே. அருணாசலமோ 1915இல் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தை அமைத்துக் கொழும்பின் சேரிகளுக்குள் இறங்கினார். இராப் பாடசாலை, மருத்துவ உதவி, சிக்கனச் சேமிப்பு என்று வேலை வளர்ந்தது. ஆண்டுதோறும் இறப்புக் கணக்கைத் தொகுத்தவர் அல்லவா? எந்தத் தெருவில் குழந்தைகள் சாகின்றன என்பது அவருக்கு ஏட்டிலிருந்து முன்னமே தெரிந்திருக்கும்.

1919இல், காங்கிரசு தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், தொழிலாளர் நலவுரிமைச் சங்கம் ஒன்றை அவர் நிறுவினார். தோட்டத் தொழிலாளியின் நிலை அப்போது எத்தகையது? 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்படி, அறிவித்தல் கொடாமல் வேலையை விட்டு நீங்கினவனுக்கு மூன்று மாதம் வரை சிறை. பிற மக்கள் ஒப்பந்தத்தை மீறினால் சிவில் வழக்கு. கூலியாள் மீறினால் குற்றவியல்! இதனோடு துண்டு என்னும் முறையும் இருந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவென்று தோட்டத்துரை ஒரு துண்டில் எழுதிக் கொடுப்பார். அத்தொகையைப் புதிய தோட்டத்துரை செலுத்தினாலன்றி அவன் இடம்மாற இயலாது. பெரிய கங்காணியின் கணக்கில் ஏறிய கடனோ தலைமுறைக்கும் இறங்காது. ஆளைக் கடனோடு சேர்த்து விற்பதற்கு இது வேறன்று. இவ்விரண்டையும் ஒழிக்கவேண்டும் என்று அருணாசலம் விடாது வற்புறுத்தினார். அவருக்குத் துணையாகச் சங்கத்தின் செயலாளராய் உழைத்த இளைஞர் பெரி சுந்தரம். மலையகத் தமிழர் குடும்பத்தில் தோன்றி, 1931இல் தொழில் மந்திரியாக உயர்ந்தவர் அவர். 1921ஆம் ஆண்டின் சட்டத்தினால் துண்டு முறை நீங்கிற்று. சிறைத்தண்டனை விதிகளும் அதையடுத்து நீங்கின. இந்திய அரசாங்கத்தின் நெருக்குதலும் இதற்கு ஒரு பெருங்காரணம். புகழ் முழுவதையும் ஒருவருக்கே சூட்டுதல் நியாயமாகாது. ஆனால் கொழும்பின் கனவான்களுள் அக்காலத்தில் இதனைத் தம் காரியமாக எடுத்துக்கொண்டோர் மிகச் சிலரே. காங்கிரசின் தலைவர்களுள் தோட்டச் சொந்தக்காரர் பலர் என்பதை நினைவிற் கொண்டால், அருணாசலம் செய்த செயலின் துணிவு விளங்கும்.

காங்கிரசின் கதையும் துயரத்தில் முடிந்ததே. மேல்மாகாணத்தில் தமிழருக்கென ஓர் ஆசனம் ஒதுக்கப்படுவதை ஆதரிப்பதாகச் சிங்களத் தலைவர்கள் 1918இல் யாழ்ப்பாணச் சங்கத்தாருக்குக் கடிதமூலம் வாக்களித்திருந்தனர். அவ்வாக்கை நம்பி, வடக்கிலிருந்தோரைக் காங்கிரசுக்குள் அழைத்துவந்தவர் அருணாசலம். 1921இல் சட்டநிரூபண சபைத் தேர்தல் வந்தபோது வாக்கு காற்றிற் பறந்தது. அவர் காங்கிரசை விட்டு விலகினார். பதவி கிட்டாத மனத்தாங்கல் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். ஒரு பதிவாளர் நாயகத்துக்கு எழுத்தில் உள்ள வாக்கு என்பது என்ன பொருள்படும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. உறுதி எழுதிக் கையொப்பமிட்டபின் காணியைக் கொடாதவனை வாழ்நாள் முழுவதும் கண்டு சலித்தவர் அவர். தம் சொல்லை நம்பி வந்தோர்க்குத் தாமே பிணையாளி என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். 1923இல் இலங்கைத் தமிழர் கழகத்தை அவர் தொடங்கியபோது, பிரிந்து நிற்பதில் மகிழ்ச்சி கொண்டவராய் அவர் தோன்றவில்லை. இரண்டு இனமும் சேர்ந்து கட்டிய வீட்டில் நாலாண்டுக்குள்ளேயே விரிசல் கண்டது. அவ்விரிசல் எவ்வளவு ஆழம் போயிற்று என்பதைப் பின்வந்த தலைமுறைகள் அறியும்.

அவ்வாண்டின் இறுதியில் தென்னிந்தியத் தலங்களைத் தரிசிக்கப் புறப்பட்டார். 1924ஆம் ஆண்டு சனவரி மாதம் 9ஆம் திகதி, மதுரையில், யாத்திரையின் நடுவே அவர் உயிர் நீங்கிற்று. ஆறாண்டுகளின் பின், 1930இல், கொழும்புக் காலிமுகத்தில் எழுந்த புதிய சட்டநிரூபண சபை மண்டபத்தின் வளவில் அவருக்குச் சிலை நாட்டப்பட்டது. ஞானம் பற்றி நண்பருக்கு அவர் எழுதிய கடிதங்களை முதுமையிலிருந்த கார்ப்பென்டர் தொகுத்து 1927இல் நூலாக்கினார். கதிர்காம முருகனின் வழிபாடு பற்றி அருணாசலம் எழுதிய கட்டுரையோ, சிங்களவரும் தமிழரும் ஒருங்கே கைகூப்பும் அந்தச் சந்நிதியைப் பற்றியது. அவர் மறைந்த 1924ஆம் ஆண்டிலேயே, வேத்தியல் ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் அது வெளிவந்தது.