பாக் விரிகுடா மீன்பிடி உரிமைச் சிக்கல்

இலங்கை தன் கடல் எல்லைக்குள் இந்தியப் படகுகளைத் தடுப்பதாலும், தமிழ்நாட்டு விசைப்படகுத் தொழில் அந்த எல்லையைத் தாண்டாமல் நடக்க முடியாமல் இருப்பதாலும் எழுந்த பிணக்கு. இராமேசுவரம், மண்டபம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், நாகப்பட்டினம் ஆகிய துறைகளின் பிழைப்போடு இணைந்தது.

1974 ஜூனில் பிரதமர்கள் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த உடன்பாடு, இரு நாடுகளுக்கும் இடையிலுள்ள சிறு தீவான கச்சத்தீவை இலங்கைப் பக்கம் விட்டது. ஆனாலும் இரு நாட்டுப் படகுகளும் வழக்கமாக அனுபவித்த உரிமைகள் தொடரும் என்றே அதில் எழுதப்பட்டது. 1976 மார்ச் 23 அன்று இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் அந்த வழியை அடைத்தன: ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது. தமிழ்நாட்டில் ஜனவரி 31 அன்றே ஆட்சி கலைக்கப்பட்டிருந்ததால், எதிர்க்கச் சட்டமன்றமும் இல்லை. கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள வாட்ஜ் கடற்பரப்பு இந்தியாவுக்கு என்று உறுதியானது; ஆனால் அதனால் இராமேசுவரத்துக்காரர்களுக்கு என்ன லாபம்?

கடலில் இழுத்த கோடு மீன்பிடித் துறைகளை முடக்குவது இங்கு மட்டும் நடந்ததல்ல: அதே ஆண்டு ஜூனில் ஐஸ்லாந்தின் 200 கடல் மைல் எல்லைக்குப் பிரிட்டன் பணிந்தது. போர்க்கப்பல்களை அனுப்பியும் கிரிம்ஸ்பி, ஹல் துறைமுகங்களின் தொலைகடல் மீன்பிடியை அதனால் காப்பாற்ற முடியவில்லை.

பாக் விரிகுடாவின் சிக்கல் கோட்டில் மட்டும் இல்லை, வலையிலும் இருக்கிறது. இறால் ஏற்றுமதிக்காக அரசே ஊக்குவித்த, கடல் தரையை வாரி இழுக்கும் இழுவைமடி வலை கொண்ட விசைப்படகுகள் 1960களிலிருந்து பெருகின. நாட்டுப்படகுகளோடு மோதல் வந்ததும் கடலில் நாள் பிரிக்கப்பட்டது: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையோரக் கடலை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது. கரையோரம் ஒருபுறம், பன்னாட்டு எல்லை மறுபுறம் என நடுவில் எஞ்சிய பட்டை விசைப்படகுகளுக்குப் போதவில்லை. இலங்கையில் போர் மூண்டு வடக்கு மீனவர்களின் தொழில் முடக்கப்பட்டதும், அவர்கள் விட்ட கடலைத் தமிழ்நாட்டு விசைப்படகுகள் உழுதன. 2009இல் போர் முடிந்து யாழ்ப்பாண மீனவர்கள் திரும்பியபோது எதிரே நின்றவர்களும் தமிழர்களே. இதைத் தமிழ்நாட்டு மேடைகள் அதிகம் பேசுவதில்லை.

2010 ஆகஸ்டில் இரு கரை மீனவர்களும் சென்னையில் கூடிப் பேசினர். ஓராண்டில் இழுவைமடியைக் கைவிட இந்தியத் தரப்பு இசைந்தது. அரசுகள் அதற்கு உரு கொடுக்கவில்லை. 2016 நவம்பரில் இரு நாட்டுக் கூட்டுப் பணிக்குழு அமைந்தது. 2017இல் இலங்கை அடிமட்ட இழுவைமடியைச் சட்டத்தால் தடுத்தது. அடுத்த ஆண்டு அயல்நாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைக் கோடிகளுக்கு உயர்த்தியது. அதன்பின் கைதும் படகுப் பறிமுதலும் தொடர்கதையாயின.

இந்தியாவின் பாதுகாப்பு முயற்சி பெரும்பாலும் கைதானவர்களை மீட்பதோடு நின்றது. கடற்காவல் வலுப்பெற்றதும் உண்மை: திருவள்ளூர் மாவட்டம் காட்டுப்பள்ளியில் லார்சன் அண்ட் டூப்ரோ தளத்தில் கட்டிய 'விக்ரம்' முதலிய ஏழு ரோந்துக் கப்பல்கள் 2018 முதல் 2021 வரை கடலோரக் காவல்படையில் சேர்ந்தன. ஆழமற்ற பாக் விரிகுடாவில் மண்டபத்திலிருந்து ஹோவர்கிராப்டுகள் சுற்றுகின்றன. ஆனால் எல்லைக்கு அப்பால் வலை போட்டவரை எந்தக் கப்பலும் காக்க முடியாது.

தொழிலையே மாற்றும் முயற்சி 2017 ஜூலையில்தான் வந்தது. மூன்றாண்டில் 2,000 இழுவைமடிப் படகுகளை அகற்றி, சூரை பிடிக்கும் ஆழ்கடல் படகுகள் தருவது திட்டம். படகு விலை 80 லட்சம் ரூபாய். மத்திய அரசு 50 சதவீதம், மாநிலம் 20, வங்கிக் கடன் 20, மீனவர் 10. இலக்கின் சிறு பங்கே நிறைவேறியது. ஒரு நாள் போய் மறுநாள் கரை சேர்ந்து பழகியவர்களை வாரக்கணக்கில் கடலில் தங்கச் சொன்னது திட்டம். பழக்குவதற்கான ஏற்பாடு போதவில்லை.

2025 ஏப்ரல் 2 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் கச்சத்தீவை மீட்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. தீவு திரும்பினாலும், இழுவைமடிப் படகுகள் தேடிப்போகும் நெடுந்தீவு, பருத்தித்துறைக் கடல்கள் இலங்கையிடமே இருக்கும்.