பேராலயங்களைப் படமெடுக்கக் கற்ற வரலாறு

யூபிலி மலர் ஒன்றைக் கையில் எடுத்தால், எழுத்தைப் படிக்குமுன் படங்களைப் பார்ப்பதே நம் வழக்கம். கோபுரம், பீடம், சுரூபங்கள் எல்லாம் நன்றாக விழுந்திருக்கின்றனவா என்று தேடுகிறோம். ஆனால் பெரியதோர் ஆலயத்தை, அதிலும் அதன் உட்புறத்தைப் படமெடுக்க மனிதன் கற்றுக்கொண்டது எளிதில் நடந்த காரியமன்று. அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

ஐவர் பயணம்

1851ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டின் வரலாற்றுச் சின்னங்கள் ஆணையம் பால்டுஸ், பயார், லெ கிரே, லெ செக், மெஸ்த்ரால் என்னும் ஐந்து புகைப்படக் கலைஞரை நாட்டின் பல பகுதிகளுக்கும் அனுப்பியது. புரட்சிக் காலத்திலும் அதன் பின்னரும் சிதைந்துபோன ஆலயங்கள் அங்கு ஏராளம். எவற்றை எப்படிச் செப்பனிடுவது என்று அறியப் படங்கள் தேவைப்பட்டன.

அவர்களுள் பால்டுஸ் தெற்கே ஆர்ல் நகருக்குச் சென்று, புனித த்ரோஃபீம் ஆலயத்தை அடுத்த துறவியர் தாழ்வாரத்தைப் படமெடுத்தார். உள்ளே இருள், வெளி முற்றத்தில் கடும் வெயில். இரண்டும் ஒரே நெகட்டிவில் அடங்கவில்லை. ஆகவே ஏறக்குறைய பத்து நெகட்டிவ்களைத் தனித்தனியே எடுத்து, வெட்டி இணைத்து, இணைப்புகளைக் கையால் தீட்டி மறைத்து ஒரே படமாக்கினார். இத்தனை பாடுபட்டும், ஐவரின் படங்களில் பெரும்பாலானவை அன்று வெளியிடப்படாமல் அலமாரிக்குள் போயின.

பொறுமை என்னும் பாடம்

காமிராவை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் பின்னோக்கிச் சாய்வதுபோல் விழும். எனவே பெட்டியை நேராக நிறுத்தி, லென்சை மட்டும் மேலே உயர்த்தும் காமிராவை அமைத்தார்கள். சன்னலின் ஒளி கண்ணாடித் தகட்டின் பின்புறம் பட்டுத் திரும்பி வெள்ளைக் கறையாய்ப் பரவியது. அதைத் தடுக்கத் தகட்டின் முதுகில் கருஞ்சாயம் பூசினார்கள். லென்சின் துவாரத்தைச் சிறிதாக்கி வெகுநேரம் திறந்து வைத்தால், அருகிலுள்ள தூணும் தொலைவிலுள்ள பீடமும் ஒருங்கே தெளிவாகும். குறுக்கே நடந்து செல்பவரோ படத்தில் பதியவே மாட்டார்.

இவை கருவியைப் பற்றிய பாடங்கள். காத்திருக்கும் பாடத்தைக் கற்றுத் தந்தவர் ஃபிரெடரிக் எவன்ஸ். 1853இல் பிறந்த இவர் லண்டனில் புத்தகக் கடை நடத்தினார். 1898இல் அத்தொழிலை விட்டு, பேராலயங்களைப் படமெடுப்பதில் முழுமனதோடு இறங்கினார். லிங்கன், ஈலி, வெல்ஸ் ஆகிய பேராலயங்கள் இன்று ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவை. ஆயினும் அவை நம் கத்தோலிக்க முன்னோர் கட்டியவை. அங்கு எவன்ஸ் நாள்கணக்கில் தங்கி, எந்த வேளையில் எந்த வளைவின்மேல் ஒளி விழுகிறது என்று கவனித்தார்.

1903இல் வெல்ஸ் பேராலயத்தில் குருக்கள் குழாம் கூடும் மண்டபத்துக்கு ஏறும் கற்படிகளைப் படமெடுத்து, ‘படிகளின் கடல்’ என்று பெயரிட்டார். நூற்றாண்டுகளாய் ஏறியிறங்கிய பாதங்கள் தேய்த்த படிகள் அதில் அலைகளாகவே தோன்றுகின்றன. ஆளொருவரும் இல்லாத அப்படத்தில் எத்தனை தலைமுறையின் நடமாட்டம்!

படம் காத்த ஆலயம்

2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸ் நோத்ருதாம் பேராலயம் தீப்பற்றியது. மரக்கூரை எரிந்தது, கூர்ங்கோபுரம் முறிந்து விழுந்தது, கல் விதானத்தின் சில பகுதிகள் சரிந்தன. ஆனால் ஆண்ட்ரூ டாலன் என்ற அமெரிக்கக் கலை வரலாற்றுப் பேராசிரியர் 2010இலேயே அப்பேராலயத்தை லேசர் ஒளியால் நூறு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளாக அளந்து, படங்களும் எடுத்து வைத்திருந்தார். கற்கள் எவ்வாறு நிற்கின்றன என்று அறியும் ஆவலால் அவர் செய்த வேலை, செப்பனிட்டவர்களுக்குக் கைகொடுத்தது. அவர் தீயையும் காணவில்லை, திறப்பையும் காணவில்லை. 2018 நவம்பரிலேயே காலமாகிவிட்டார். 2024 டிசம்பர் 8 அன்று அங்கே புதிய பீடம் அர்ச்சிக்கப்பட்டுத் திருப்பலி நிறைவேறியது.

பங்குமக்களே! எந்தப் படம் என்று தேவைப்படும் என யார் அறிவார்? இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் எத்தனையோ ஆலயங்களில் பழைய பீடங்களும் கிராதிகளும் மாற்றப்பட்டன. அவை இருந்த கோலம் இன்று பல ஊர்களில், மணமக்களுக்குப் பின்னால், வீட்டுச் சுவரில் மாட்டிய திருமணப் படத்தில்தான் மிஞ்சியிருக்கிறது. முதல் நற்கருணைப் படங்களும் அப்படியே. ஆகவே உங்கள் வீட்டிலுள்ள பழைய படங்களைத் தூக்கி எறியாதீர்கள். பின்புறத்தில் ஆண்டையும் நிகழ்ச்சியையும் எழுதி வையுங்கள்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்று செல்போனே காமிரா. திருவிழாத் தோரணங்களோடு மட்டும் ஆலயத்தை எடுக்காமல், சாதாரண நாளொன்றின் காலையில், திருப்பலி முடிந்து ஆலயம் அமைதியாயிருக்கும்போது, செல்போனைச் சாய்க்காமல் நேராய்ப் பிடித்து, பீடம் முதல் வாசல்வரை எடுத்து வையுங்கள். நமக்குப் பின் வருவோர் அதற்காக நம்மை நன்றியோடு நினைப்பார்களாக!

– பங்குக் குரு