பாலாற்றின் கரை யாருக்கு உரியது?

வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி நோக்கிச் செல்லும் வழியெங்கும் நமக்குத் துணையாக வருவது பாலாறு. ஆனால் அதைச் சுட்டிக்காட்டி, "இதுதான் நம் ஆறு" என்று பிள்ளைகளிடம் சொல்ல நமக்கு நாத் தயங்குகிறது. மணல் அள்ளிய பள்ளங்களும், சீமைக் கருவேலம் புதர்களும், ஊர்க் குப்பையும், கழிவுநீர்க் குட்டைகளும் காண்கின்ற அந்த அகன்ற வெளியை ஆறு என்று சொல்வதற்கு அவர்கள் நம்மை நம்ப வேண்டுமே! ஒரு தலைமுறை தன் ஆற்றுக்கு முதுகைக் காட்டி வாழப் பழகிவிட்டது. இந்த நிலை எப்படி வந்தது? இதை மாற்ற வழியுண்டா? இவ்விரு வினாக்களையும் நாம் ஒன்றாகவே சிந்திக்க வேண்டியிருக்கிறது.

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, ஆந்திரத்தின் குப்பம் வழியே வாணியம்பாடிக்கு அருகில் தமிழகத்துள் நுழைகிறது. அதன் மொத்த நீளமாகிய 348 கிலோமீட்டரில் 222 கிலோமீட்டர் நம் மாநிலத்தைச் சேர்ந்தது. காவிரியைப் போல ஆண்டின் பல மாதங்கள் பெருகி ஓடும் ஆறன்று இது. சில நாட்கள் மேலே ஓடும். பல மாதங்கள் மணலுக்கடியில் ஓடும். நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். ஆற்று மணலில் நீண்ட வாய்க்கால்களைத் தோண்டி, கசிந்து வரும் நீரை வயல்களுக்குக் கொண்டுசென்றனர். ஊற்றுக்கால் என்று அதற்குப் பெயர். வெள்ளம் வந்து மண்மூடிவிட்டால், ஊர் கூடி மீண்டும் தோண்டும். வெள்ள நீரைத் தேக்க ஏரிகள் இருந்தன. பல்லவர் காலத்ததாகிய காவேரிப்பாக்கம் ஏரி இன்றும் பாலாற்று நீரை நம்பி நிற்கிறது. மணல், ஊற்றுக்கால், ஏரி, கரையோர மரங்கள் ஆகிய இவையனைத்தும் சேர்ந்த ஒரே அமைப்புத்தான் ஆறு. நிலம், நீர், மரம், மனிதர் ஆகியவற்றை இசைவாக அமைக்கும் கலையை இன்று பல்கலைக்கழகங்களில் தனிப் பாடமாகக் கற்பிக்கிறார்கள். நம் ஊரார் அதைப் பெயரின்றிச் செய்து வந்தனர்.

பழைய காலத்தைப் பொற்காலமாக்கிவிடவும் நமக்கு மனமில்லை. அந்தக் கரையிலும் எல்லாருக்கும் ஒரே இடம் இருந்ததில்லை. குளிக்கும் துறையும், நீர் மொள்ளும் துறையும் சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. காணும் பொங்கலன்று மணலில் கூடிய கூட்டத்திலும் யார் எங்கே அமர்வது என்ற எழுதாத சட்டம் உண்டு. தோலைத் தொட்டுத் தொழில் செய்தவர்களைச் சமூகம் ஊருக்கு வெளியே நிறுத்தியது. பாலாற்றங்கரையின் வரலாற்றைப் பேசுவோர் இதை மறந்து பேசலாகாது.

வேலூர்க் கோட்டையின் அகழியும் நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் எழுந்த அக்கோட்டைக்குள் சலகண்டேசுவரர் கோவிலும், பள்ளிவாசலும், 1846இல் கட்டப்பட்ட புனித யோவான் ஆலயமும் ஒரே மதிலுக்குள் நிற்கின்றன. வெளியே அகழியோரப் பூங்காவில் எல்லாச் சமயத்தவரும் மாலையில் அமர்ந்து இளைப்பாறுகின்றனர். இவ்வட்டாரத்தில் பொது இடம் என்று சொல்லத்தக்க இடம் இது. 2021 நவம்பர் மழையில் அந்த அகழி நிரம்பி, நீர் கோவிலுக்குள் புகுந்து நின்றது. மிகுந்த நீரைப் பாலாற்றுக்குக் கொண்டுசேர்க்க முன்னோர் அமைத்த வழி தூர்ந்து போயிருந்தது. நீர் தன் பாதையை மறக்கவில்லை, நாம்தான் மறந்துவிட்டோம்.

இனித் தோலின் கதைக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில் இப்பகுதியில் தோல் பதனிடும் தொழில் பெருகியதற்குக் காரணங்கள் பல. கால்நடை வளம் இருந்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கிடைத்தன. மணலுக்கடியில் தெளிந்த நீர் இருந்தது. 1856இல் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் இரயில் ஓடியபின் துறைமுகமும் அருகில் வந்துவிட்டது. அன்றைய பதனிடல் முறை நாற்றமுடையதுதான். எனினும் பட்டையும் காயும் மண்ணில் மக்கிப் போகும் பொருள்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் சென்னையில் குரோமியப் பதனிடலைப் பரப்ப முயன்றார். வாரக்கணக்கில் நடந்த வேலை நாள்கணக்கில் முடிந்தது. 1970களில், அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முழுமையாக்கிய தோலையும் காலணியையுமே அனுப்ப வேண்டும் என்ற கொள்கையை நடுவண் அரசு மேற்கொண்டது. அந்நியச் செலாவணி வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வேலையும் வந்தது. அதே வேகத்தில் குரோமியமும், தோல் கெடாதிருக்கத் தடவிய உப்பும் கழுவப்பட்டு மண்ணில் இறங்கின. கிணறுகள் கரித்தன. தென்னை காய்ப்பதை நிறுத்தியது. குடிக்க ஒரு குடம் நீருக்காகப் பெண்கள் பக்கத்து ஊருக்கு நடந்தனர்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு வழங்கிய தீர்ப்பு இந்திய வரலாற்றில் நிலைத்துவிட்டது. இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பாழ்பட்டதாக ஓர் ஆய்வு கூறியதை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்னும் இரு நெறிகளும் நாட்டின் சட்டம் என்று அது அறிவித்தது. இன்று நாட்டின் எந்த மூலையில் சுற்றுச்சூழல் வழக்கு நடந்தாலும் வேலூரின் பெயர் அங்கே ஒலிக்கிறது. அத்தீர்ப்பின் வழி அமைந்த ஆணையம் 2001இல் 186 ஊர்களைச் சேர்ந்த 29,193 பேருக்கு ஏறக்குறைய 26 கோடியே 82 இலட்சம் ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது. இதை 547 தோல் தொழிற்சாலைகள் தர வேண்டும் என்றது. ஒருவர் பங்குக்குச் சராசரி பத்தாயிரம் ரூபாய்க்கும் குறைவு! ஒரு கிணற்றின் விலை அதுதானா?

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. நிலைமை ஓரளவு சீரடைந்தது என்பதை மறுக்கக் கூடாது. ஆனால் குரோமியத்தைப் பிரிப்பதைவிடக் கரைந்த உப்பைப் பிரிப்பது கடினமும் செலவும் மிக்கது. 2015 சனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டையில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்தது. அருகில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் சேற்றில் மூழ்கி மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதே நகரில், 1990களின் நடுவில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு இலட்சம் டன்னுக்கும் மேலாகக் குவிந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது. இறுதியாக 2025 சனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் பேசியது. பாதிக்கப்பட்டோருக்கு அரசே இழப்பீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னர் மாசுபடுத்தியோரிடம் வசூலிக்க வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு ஆற்றின் மீட்பைக் கண்காணிக்க வேண்டும் என்றது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள். அன்று பிறந்த குழந்தை இன்று பெற்றோராகியிருக்கும்.

இதற்கிடையே வானமும் மாறி வருகிறது. 1903 நவம்பர் 12 அன்று மைசூர்ப் பகுதி ஏரிகள் உடைந்து வந்த பாலாற்று வெள்ளம் வாணியம்பாடியை அழித்தது. ஏறத்தாழ இருநூறு பேர் மடிந்தனர். பின்னர் நெடுங்காலம் ஆறு வறண்டு கிடக்கவே, வெள்ளம் என்பது பாட்டி கதையாயிற்று. 2021 நவம்பரில் பாலாறு மீண்டும் இருகரை தொட்டுப் பெருகியது. அந்த மழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தனர். வறட்சியும் வெள்ளமும் மாறிமாறித் தாக்கும் காலம் இது. மணலும் மரமும் இழந்த ஆறு வறட்சியில் நீரைத் தேக்காது. வெள்ளத்தில் வேகத்தைத் தணிக்காது. இதன் துன்பம் கடற்கரை வரை செல்லும். வயலூர் அருகே பாலாறு கடலோடு கலக்கும் இடத்தில் நன்னீரின் அழுத்தம் குறைந்தால் கடல்நீர் நிலத்துக்குள் ஏறும். அதைத் தடுக்கவே அங்குத் தடுப்பணை கட்ட வேண்டியதாயிற்று. கடற்கரையைக் காக்கும் பணி ஆம்பூர் மணலில் தொடங்குகிறது என்றால் அது மிகையன்று.

வழியுண்டா? உண்டு, சான்று நம் வட்டாரத்திலேயே இருக்கிறது. பாலாற்றின் கிளையாகிய நாகநதி பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது. 2014 முதல் வேலூர், திருவண்ணாமலை மாவட்டக் கிராமப் பெண்கள், ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கூலிக்கு, ஆற்றுப் பகுதியில் உறைக்கிணறுகளை இறக்கினர்; சிறு கல்தடுப்புகளைக் கட்டினர். ஓடும் நீர் சற்று நின்று, கிணறு வழியே மணலுக்கடியில் இறங்கியது. பணியில் பங்குகொண்ட பெண்கள் ஏறத்தாழ 20,000 பேர். ஊற்றுக்காலைத் தோண்டிய கைகளின் வாரிசுகள் இவர்கள். பெரிய இயந்திரமில்லை, மண்வெட்டியும் கூட்டு உழைப்புமே மூலதனம்.

தொழில் நஞ்சுக்கு மருந்துண்டா என்று கேட்போர் செர்மனியின் எம்சர் ஆற்றைப் பார்க்கலாம். நிலக்கரியும் இரும்பும் அந்த ஆற்றைத் திறந்த சாக்கடையாக்கிவிட்டன. 1992இல் தொடங்கிய மீட்புப் பணியால் 2021இல்தான் ஆறு கழிவுநீரிலிருந்து விடுபட்டது. கழிவுநீர் நிலத்தடிக் குழாய்க்குச் சென்றது. ஆற்றில் தெளிந்த நீர் வந்தது. டூய்ஸ்பர்க் நகரில் கைவிடப்பட்ட இரும்பாலையை இடிக்காமல், பீட்டர் லாட்ஸ் என்னும் நிலவெளி அமைப்பாளர் அதையே பொதுப் பூங்காவாக்கினார். அங்கு உழைத்த தொழிலாளியின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே விளையாடுகின்றனர். கறை படிந்த வரலாற்றை மறைக்காமலே அதை மக்களுக்குத் திருப்பித் தர இயலும் என்பதற்கு அது சாட்சி. அதற்கு ஒரு தலைமுறைக் காலப் பொறுமையும் பெரும் பொருளும் தேவைப்பட்டன என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஆற்றங்கரையை அழகுபடுத்துகிறோம் என்று தொடங்கும் திட்டங்கள் பல, முதலில் அகற்றுவது குடிசைகளைத்தான். நடைபாதையும் விளக்கும் வரும். கூடவே நுழைவுக் கட்டணமும் காவலாளியும் வருவர். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடல் இதைத் தொட்டுப் பேசுகிறது. வசதியுள்ளோர் பகுதிகளில் பேணி வளர்த்த பசுமை இருக்க, ஒதுக்கப்பட்டோர் வாழும் இடங்களில் அது இல்லையே என்று அம்மடல் வருந்துகிறது. பாலாற்றங்கரையில் அமையும் நிழலில் முதல் உரிமை யாருக்கு? கரித்த கிணற்றை இழந்த உழவருக்கு. காலணித் தொழிற்சாலையில் நாள் முழுதும் நின்று திரும்பும் பெண்ணுக்கு. தொலைமாநிலத்திலிருந்து வந்த தொழிலாளிக்கு. சக்கர நாற்காலியில் வரும் முதியவருக்கு. நேற்றுவரை துறையில் இறங்க இடம் மறுக்கப்பட்டவருக்கும் அந்த நிழல் உரியது. அவர்களைக் கேளாமல் வரைந்த வரைபடம் எத்துணை அழகியதாயினும் பழைய சாதிக்கரையின் புதிய வடிவமே.

"தொழிற்சாலையை மூடினால் எங்கள் அடுப்பு அணையுமே" என்று நம் பங்குகளிலேயே பலர் கேட்பர். நியாயமான கேள்வி. ஒரே வீட்டில் தந்தை கிணற்றை இழந்தவராகவும் மகள் தோல் தொழிலில் உழைப்பவளாகவும் இருக்கும் நாடு இது. எனவே ஆறா, வேலையா என்று கேட்பது தவறு. நச்சைச் சுத்தம் செய்யும் செலவையும் தோலின் விலையில் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பதே நீதி. அந்தக் காலணியை வாங்கி அணியும் தொலைநாட்டவருக்கும் அதில் பங்குண்டு.

பாலைநிலத்தில் மாரா என்னும் இடத்து நீர் கசந்தபோது இஸ்ரயேல் மக்கள் முறுமுறுத்தனர். ஆண்டவர் மோசேக்கு ஒரு மரத்தைக் காட்டினார். மோசே அதைத் தண்ணீரில் போட, நீர் இனிமையாயிற்று என்று விடுதலைப் பயணம் கூறுகிறது. நம் பாலாற்றுக்கு ஒரு மரம் போதாது. ஒரு நாளும் போதாது. ஆனால் காட்டப்பட்டதை எடுத்துப் போட ஒரு கை வேண்டியிருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஊரில் தூர்ந்த கால்வாய் எது, யாருடைய கிணறு இன்னும் கரிக்கிறது, வர வேண்டிய இழப்பீடு யாருக்கு வரவில்லை என்று ஒவ்வொரு பங்கும் தன் எல்லையில் கேட்டறிந்து எழுதி வைத்தால், கண்காணிப்புக் குழுவின்முன் வைக்க அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. மணலுக்கடியில் ஆறு இன்னும் முற்றிலும் நின்றுவிடவில்லை. நம் பிள்ளைகளை அழைத்துச் சென்று, "இதுதான் நம் ஆறு" என்று தயங்காமல் சொல்லும் நாளுக்காக உழைக்கும் கடன் நம்முடையது.