தருமபுரியில் ஆங்கில உடைமை இலக்கணம்

ஆங்கிலத்தில் உடைமைப்பொருளை உணர்த்த 'ஹேவ்' என்னும் வினை, 'ஆஃப்' என்னும் முன்னிடைச்சொல், பெயருக்குப் பின் வரும் காற்புள்ளி போன்ற குறியுடன் கூடிய 'எஸ்' ஆகியவை பயன்படுகின்றன. தருமபுரி மாவட்ட மாணவர் இவற்றைக் கற்பதில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு தாய்மொழி அமைப்பிலிருந்தே எழுகிறது.

வரலாற்றுப் பின்னணி

பண்டு தகடூர் எனப்பட்ட தருமபுரி, பாராமகால் பகுதியைச் சேர்ந்தது. 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இப்பகுதி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமசு மன்றோவும் இங்கு நிலத்தை அளந்து, உழவரிடமே நேரடியாக வரி பெறும் இரயத்துவாரி முறையை உருவாக்கினர். எந்த நிலம் யாருடையது என்ற கேள்வி அவ்வாறு ஆங்கிலப் பதிவேடுகளில் ஏறியது. 1835இல் மெக்காலேயின் குறிப்பும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தோற்றமும் ஆங்கிலத்தை உயர்கல்விக்கும் அரசுப் பணிக்கும் வாயிலாக்கின. 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது.

தமிழில் உடைமை

தமிழில் ஆறாம் வேற்றுமை உடைமைப்பொருளைத் தரும். தொல்காப்பிய மரபில் இது தற்கிழமை, பிறிதின்கிழமை என இருவகைப்படும். 'சாத்தனது கை' என்பதில் கை அவனிலிருந்து பிரியாதது, எனவே தற்கிழமை. 'சாத்தனது தோட்டம்' என்பதில் தோட்டம் அவனிலிருந்து வேறானது, எனவே பிறிதின்கிழமை. 'நம்பிமகன்' போன்ற உயர்திணைத் தொகையை விரிக்கும்போது 'அது' உருபு கெட்டு, 'நம்பிக்கு மகன்' எனக் குகரம் வரும் என்றும் தொல்காப்பியம் கூறுகிறது.

இன்றைய வழக்கிலும் இவ்வேறுபாடு காணப்படுகிறது. 'எனக்கு இரண்டு அண்ணன்கள்', 'என்னிடம் பேனா இருக்கிறது', 'எனக்குக் காய்ச்சல்' என உறவு, கைப்பொருள், உடல்நிலை ஆகியவற்றுக்கு வெவ்வேறு அமைப்புகள் உள்ளன. இவற்றில் உடையவர் எழுவாயாக வருவதில்லை. ஆங்கிலமோ மூன்றுக்கும் 'ஹேவ்' என்ற ஒரே வினையைக் கொண்டு, உடையவரை எழுவாயாக்குகிறது. மாவட்டத்தில் வழங்கும் தெலுங்கு, கன்னட மொழிகளிலும் நான்காம் வேற்றுமையே இப்பணியைச் செய்வதால், அம்மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இடர்ப்பாடு ஒன்றே.

பிழைகளும் காரணங்களும்

'வைத்திருக்கிறேன்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'ஐ ஆம் ஹேவிங்' என்ற வடிவம் பிறக்கிறது. உடைமைப்பொருளில் 'ஹேவ்' தொடர்வினையாக வராது என்பதே ஆங்கில விதி. 'எஸ்' குறியும் குழப்பம் தருவதாகும். பழைய ஆங்கிலத்தில் 'எஸ்' ஒலிக்கு முன் ஓர் உயிரெழுத்து இருந்தது; அது மறைந்ததைக் காட்டவே குறி இடப்பட்டது. ஒருமைப் பெயரில் 17ஆம் நூற்றாண்டிலும் பன்மையில் 18ஆம் நூற்றாண்டிலும் அதன் பயன்பாடு நிலைபெற்றது. ஒருமையில் 'எஸ்'ஸுக்கு முன்னும், 'எஸ்'ஸில் முடியும் பன்மையில் அதற்குப் பின்னும் குறி வரும்.

இன்றைய நிலை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, தமிழ்நாட்டு மாவட்டங்களில் இதுவே மிகக் குறைவு. வீட்டில் ஆங்கிலம் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்கு வகுப்பறையே ஒரே துணை. அங்கு 'எனக்கு', 'என்னிடம்', 'என்னுடைய' என்னும் மூன்றையும் ஆங்கில வடிவங்களோடு ஒப்பிட்டுக் காட்டினால், பிழை அறியாமையால் அன்று, மொழிவேறுபாட்டால் வந்தது என்பது மாணவருக்குப் புலப்படும். அவர் தமிழ் வகுப்பில் படித்த வேற்றுமை இலக்கணமே ஆங்கிலத்துக்கும் படியாக அமையும்.