பூஜப்புரை அரண்மனையும் முழங்கால் குருத்தும்

திருவனந்தபுரம் வாழ் தமிழர்களுக்குப் பூஜப்புரை புதிய இடமல்ல. 1924 முதல் 1931 வரை திருவிதாங்கூரை ஆண்ட மகாராணி சேது லட்சுமி பாய் வாழ்ந்த சாட்டல்மண்ட் அரண்மனை அங்கேதான் உள்ளது. இன்று அது ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு. இந்நிறுவனம் தந்த செயற்கை இதய வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டதைப் பலரும் அறிவர். முழங்கால் குருத்தெலும்புக்கும் இங்கே ஆராய்ச்சி நடந்தது என்பது அவ்வளவாகத் தெரியாத செய்தி.

எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் ஆறும். குருத்து தேய்ந்தால் போச்சு. லண்டனில் 1743-ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஹண்டர் என்ற மருத்துவர், அழிந்த குருத்து மீண்டும் சரியாவதில்லை என்று எழுதிவிட்டார். காரணம் என்னவென்றால், அதில் இரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. அதன் எடையில் பெரும்பகுதி, நூற்றுக்கு 65 முதல் 80 பங்கு வரை, தண்ணீர்தான். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது புரத நார்களாலான வலை. ஆகவே குருத்தைச் சரிசெய்ய நினைப்பவன் முதலில் தண்ணீரைத் தாங்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்தப் பாடம் வேறொரு திசையிலிருந்து வந்தது. செக் நாட்டு விஞ்ஞானி ஓட்டோ விக்டர்லே, லிம் என்பவருடன் சேர்ந்து, நீரை உறிஞ்சி மென்மையாக நிற்கும் செயற்கைக் களியைப் பற்றி 1960-இல் எழுதினார். இதையே ஹைட்ரோஜெல் என்கிறோம். முதலில் அது கண்ணில் அணியும் மென் லென்சாயிற்று. 1982-இல் பென்யா, ஷாஃபர் என்ற அமெரிக்கர் இருவர், தட்டில் பரப்பி வளர்த்ததால் தம் இயல்பை இழந்த குருத்து அணுக்களை அகரோஸ் களிக்குள் இட்டுப் பார்த்தனர். அவை மறுபடி குருத்து அணுக்களாகவே மாறின! 1994-இல் சுவீடன் மருத்துவர்கள், நோயாளியின் சொந்த அணுக்களையே வளர்த்து 23 பேரின் முழங்காலில் வைத்த செய்தி வெளியாயிற்று.

பூஜப்புரை ஆராய்ச்சி இந்த வரிசையில் வருவது. 2008-இல் பாலிவினைல் ஆல்கஹால், பாலிகேப்ரோலாக்டோன் என்னும் இரு செயற்கைப் பொருள்களைப் பின்னி, குருத்து அணுக்கள் தங்கி வளர ஒரு சாரம் அமைத்தார்கள். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவோமே, அதுபோல. அடுத்த ஆண்டு ஜெலட்டின், ஆல்புமின் ஆகிய புரதங்களால் மற்றொன்றைச் செய்து காட்டினர். இவை ஆய்வுக்கூட முயற்சிகள்.

இந்த இடத்தில் சமண மரபில் வந்தவனுக்கு ஒரு கேள்வி எழுகிறது. ஜெலட்டின் விலங்கின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. கைட்டோசான் என்ற இன்னொரு களிப்பொருள் இறால், நண்டு ஓட்டில் எடுப்பது. மூட்டில் ஊசியாகப் போடும் ஹயலுரோனிக் அமிலம் 1934-இல் மாட்டின் கண்ணிலிருந்து பிரிக்கப்பட்டது. பிறகு சேவற்கொண்டையிலிருந்தும் எடுத்தார்கள். இப்போது நுண்ணுயிர்களைக் கொண்டும் செய்கிறார்கள். எனக்கு அந்த ஊசியைச் சொன்ன டாக்டரிடம், "சார், இது எதிலேர்ந்து எடுத்தது?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "பார்த்துச் சொல்றேன்" என்றார்.

தொல்காப்பியர் மரபியலில் நண்டை நாலறிவுயிரில் வைத்தார். புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிரில் வைத்தார். மேற்சொன்ன 1982-ஆம் ஆண்டுச் சோதனையில் அணுக்களைக் காப்பாற்றிய அகரோஸ் எங்கிருந்து வருவது தெரியுமா? கடல்பாசியிலிருந்து. மண்டபம், இராமேசுவரம் கரையில் நம் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் அகார் தரும் இனந்தான்.

ஒரு பொருள் விலங்கிலிருந்து வந்தது என்பதற்காகவே எல்லோரும் அதை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வலி பொறுக்க முடியாதவன் முடிவு அவனுடையது. ஆனால் எதை ஏற்கிறோம் என்று அறிந்து ஏற்பதற்கு அவனுக்கு உரிமை உண்டு. எந்த உயிரிலிருந்து எடுத்தது என்பதை மருந்துப் பெட்டியின்மேல் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு வரி அச்சிட்டால் போதும். கொல்லாமையை விரதமாகக் கொண்டவர்களுக்கு அந்த ஒரு வரி பெரிய உபகாரம்.