வாசிக்கச் சிரமப்பட்ட எம் தோழியர்

எம் சங்கத்தின் நூறாண்டு வரலாற்றைப் புரட்டினால் பரீட்சைப் பெறுபேறுகளும் வெற்றிக் கிண்ணங்களுமே முன்னுக்கு வருகின்றன. மேல்வகுப்பு வரை வந்தும் வாசிக்கச் சிரமப்பட்ட தோழியரும் இவ்வரலாற்றில் இடம்பெற வேண்டியவர்களே.

1945 ஒக்டோபர் 1 முதல் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் வசதியற்ற வீட்டுப் பெண்பிள்ளைகளும் மேல்வகுப்புகளை எட்டினர். பெயரெழுதத் தெரிவதே எழுத்தறிவு எனப் பலர் எண்ணிய காலம் அது. 1978இல் யுனெஸ்கோ பயன்பாட்டு எழுத்தறிவை வரையறுத்தது: தன் சமூகத்தில் இயங்கத் தேவையான வாசிப்பையும் எழுத்தையும் கணக்கையும் பயன்படுத்த முடிய வேண்டும்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது நாம் ஆண்டு ஒன்பது மாணவியர். தென்மராட்சியில் இன்னொரு பாடசாலையில் மாலை வகுப்பு. மறுவருடம் ஊர் திரும்பினோம். 1987இலும் 1990இலும் யுத்தத்தால் வகுப்புகள் குழம்பியபோதே சிலர் வாசிப்பைத் தவறவிட்டிருந்தனர். ஒரு தோழி கரும்பலகையில் உள்ளதை முத்துமுத்தாகக் கொப்பியில் எழுதுவாள். வாசிக்கச் சொன்னால் தலையிடி என்பாள். நாம் சிரித்தோம்.

தமிழ் ரீச்சர் சிரிக்கவில்லை. பாடசாலை விட்டபின் அரைமணி நேரம் அவளையும் வேறு சிலரையும் மறிப்பார். நிவாரண அட்டை, மருந்துத் துண்டு, வெளிநாட்டிலிருந்து வந்த கடிதம் என வீட்டில் உள்ளவற்றைக் கொண்டுவரச் செய்து வாசிக்கப் பழக்கினார். சாதாரண தரத்தில் அவள் எல்லாப் பாடங்களிலும் சித்தியடையவில்லை. ஆனால் வினாத்தாளைத் தானே வாசித்தாள்.

இன்று மருத்துவர்களாகிய நாம் கிளினிக்கில் மருந்து உறையை வாசிக்கச் சொன்னால், "கண்ணாடி கொண்டுவரேல்லை, டொக்டர்" என்கிறார்கள் சில இளம் தாய்மார். பத்தாம் ஆண்டு வரை படித்தவர்கள். அந்தத் தலையிடி எமக்கு நினைவுக்கு வருகிறது. பாணி மருந்தின் அளவைக் கரண்டியில் காட்டி, அவர்களைக் கொண்டே திருப்பிச் சொல்விக்கிறோம்.

2016இல் கட்டாயக் கல்வி வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. பிள்ளை வகுப்பில் இருப்பதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். அவள் வாசிக்கிறாளா என்பதை யாரேனும் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும். தரம் 10, 11 பிள்ளைகளுக்கு அந்த அரைமணி நேரத்தை மீண்டும் ஏற்படுத்தி, அதற்கொரு ஆசிரியையின் வேதனத்தை எம் சங்கம் பொறுப்பேற்குமானால், அதுவே ரீச்சருக்கு நாம் செலுத்தும் நன்றி.