திரைப்பாடலின் முதல் உரிமையாளர்: 1977 தீர்ப்பின் மறுவாசிப்பு

இந்திய நிகழ்த்துரிமைச் சங்கத்துக்கும் கிழக்கிந்தியத் திரைப்படச் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில் 1977 மார்ச் 14 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, திரைப்பாடலின் பதிப்புரிமையைப் பாடலாசிரியரிடமிருந்தும் இசையமைப்பாளரிடமிருந்தும் எடுத்துத் தயாரிப்பாளரிடம் கொடுத்துவிட்டது என்பது நம் துறையில் ஏறக்குறைய கேள்வியற்ற கருத்து. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் குறையை நீக்கிவிட்டதால் பழைய தீர்ப்புக்கு இனி வரலாற்று மதிப்பு மட்டுமே உண்டு என்பது அதன் மறுபாதி. இரண்டு பாதிகளையும் இக்கட்டுரை மறுக்கிறது.

திருத்தம் நடைமுறைக்கு வந்தது 2012 ஜூன் 21. அது முன்தேதியிட்டுப் பாய்வதாகச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. நம் காதில் அன்றாடம் விழும் தமிழ்த் திரைப்பாடல்களில் பெரும்பகுதி அந்தத் தேதிக்கு முன் எழுதப்பட்டு, மெட்டமைக்கப்பட்டவை. அவற்றின் முதல் உரிமையாளர் யார் என்ற கேள்விக்கு 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் பழைய 17ஆம் பிரிவும் 1977 தீர்ப்பும்தான் இன்றும் விடை தர வேண்டும். தீர்ப்பைச் சரியாக வாசிப்பது அதனால்தான் முக்கியமாகிறது.

வழக்கு எழுந்த விதம் தெரிந்ததே. 1969இல் தொடங்கப்பட்ட நிகழ்த்துரிமைச் சங்கம் தன் கட்டணப் பட்டியலை வெளியிட்டது. தயாரிப்பாளர்களும் திரையரங்கு உரிமையாளர்களும் எதிர்த்தனர். பதிப்புரிமை வாரியம் சங்கத்தின் பக்கம் நின்றது. கல்கத்தா உயர் நீதிமன்றம் 1974இல் அதை மாற்றியது. இதில் ஒரு செய்தி மட்டும் நமக்கு வேண்டும். திரையரங்கில் படம் ஓடும்போது அதனுள் ஒலிக்கும் பாட்டுக்குத் தனிக் கட்டணம் கேட்கலாமா என்பதே சச்சரவின் மையம். வானொலி, ஒலிநாடா, மேடைக் கச்சேரி எதுவும் அங்கே மையமாக இல்லை.

நீதிபதி ஜஸ்வந்த் சிங் எழுதிய தீர்ப்பு இரண்டு பகுதிகளாக நகர்கிறது. முதல் பகுதி 13(4), 14 ஆகிய பிரிவுகளை இணைத்துப் படிக்கிறது. திரைப்படத்துக்குக் கிடைக்கும் பதிப்புரிமை, அதற்கு அடிப்படையான படைப்பின் தனிப் பதிப்புரிமையைப் பாதிக்காது என்பது 13(4). படத்தின் உரிமையாளர், படத்தில் ஒலியாக இருப்பதைப் பொதுமக்கள் கேட்கச் செய்யலாம் என்பது அன்றைய 14ஆம் பிரிவு தந்த உரிமை. ஆகவே தன் பாடலைப் படத்தில் சேர்க்க அனுமதித்த இசையமைப்பாளர், படம் திரையிடப்படும்போது குறுக்கே நின்று பணம் கேட்க முடியாது. ஆனால் படத்தின் பகுதியாக அல்லாமல் அதே பாடலைப் பொதுவில் நிகழ்த்தி வருவாய் ஈட்டும் உரிமை அவரிடமே தங்குகிறது. இதைத் தீர்ப்பு ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது.

இரண்டாம் பகுதிதான் சிக்கல். தயாரிப்பாளர் பணம் கொடுத்து ஓர் இசையமைப்பாளரை அமர்த்திப் படத்துக்கென்று பாடல் செய்வித்தால், 17ஆம் பிரிவின் வரம்புரையில் உள்ள (பி), (சி) கூறுகளின்படி தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்கிறது அது. மாறான ஒப்பந்தம் இருந்தால்தான் நிலை வேறு. நம் முன்னோடிகள் ஏறக்குறைய அனைவரும் இந்த இரண்டாம் பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு, முதல் பகுதி அதற்குள் கரைந்துவிட்டதாக எழுதினார்கள். தமிழ்த் திரைப்பாடல் ஏறக்குறைய எல்லாமே அமர்த்திச் செய்வித்ததுதான் என்பதால், முதல் பகுதிக்கு நடைமுறையில் வேலையே இல்லாமல் போயிற்று.

இங்கே சட்டத்தின் வாசகத்துக்கே போக வேண்டும். (பி) கூறு எடுத்துச் சொல்லும் பொருள்கள்: ஒளிப்படம், ஓவியம், உருவப்படம், செதுக்குப்படம், திரைப்படம். இவற்றை ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணத்துக்குச் செய்து கொடுத்தால், கேட்டவரே அவற்றின் முதல் உரிமையாளர். பட்டியல் அங்கே முடிகிறது. இலக்கியப் படைப்பு அதில் இல்லை. இசைப் படைப்பு இல்லை. இது கைத்தவறு என்று சொல்ல வழியில்லை. ஏனெனில் அதற்கு ஒரு கூறு முன்னால், பத்திரிகை ஊழியர் எழுதுவதைப் பற்றிய (ஏ) கூறில், இலக்கியப் படைப்பு என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது சட்டம். பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லத் தெரிந்த நாடாளுமன்றம், அடுத்த கூறில் சொல்லாமல் விட்டதற்குப் பொருள் உண்டு.

கூறின் வம்சாவளியும் இதையே காட்டுகிறது. 1911ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டத்தின் 5ஆம் பிரிவில், செதுக்குப்படம், ஒளிப்படம், உருவப்படம் ஆகியவற்றைக் காசு கொடுத்துச் செய்யச் சொன்னவருக்கு முதல் உரிமை தரப்பட்டது. அந்தச் சட்டம் 1914இல் நமக்கு வந்தது. 1957இல் ஓவியமும் திரைப்படமும் சேர்ந்தன. வாடிக்கையாளர் தன் படத்தை எடுக்கச் சொல்லிவிட்டுப் பின்னர் அது கடை முகப்பில் விற்பனைக்குத் தொங்குவதைக் காணக் கூடாது என்ற கவலை அந்தப் பட்டியலுக்குப் பின்னால் இருந்ததாகக் கொள்ளலாம். பாட்டெழுதுவதை அந்த வரிசையில் வைக்க 1911இலும் யாரும் நினைக்கவில்லை, 1957இலும் நினைக்கவில்லை.

அப்படியானால் நீதிமன்றம் பாடலை (பி) கூறுக்குள் எப்படிக் கொண்டுவந்தது? அன்றைய வரையறையின்படி திரைப்படம் என்பது ஒலித்தடத்தையும் உள்ளடக்கும். பாடல் ஒலித்தடத்தில் இருக்கிறது. ஒலித்தடம் படத்தில் இருக்கிறது. படம் தயாரிப்பாளர் சொல்லிச் செய்தது. இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் தவறு இருக்கிறது. (பி) கூறு தருவது திரைப்படத்தின் உரிமையை, அதாவது ஒலித்தடத்தில் பதிந்துவிட்ட ஒலிகளின் உரிமையை. மெட்டும் வரிகளும் அந்தப் பதிவுக்கு முன்பே முழுமையடைந்த, வேறு வகையைச் சேர்ந்த படைப்புகள். 13(4) அவற்றைத் தனியாகக் காத்து நிற்கும்போது, 17(பி) அவற்றை விழுங்கியது என்று படித்தால் 13(4) செயலற்ற எழுத்தாகிவிடும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தயாரிப்பாளருக்கு (பி) கூறே தேவையில்லை. அன்றைய 2(டி) வரையறைப்படி, படம் முடிவுறும்போது அதன் உடைமையாளராக இருப்பவரே படத்தின் ஆசிரியர். ஆசிரியர் என்ற முறையிலேயே முதல் உரிமை அவருக்கு வந்துவிடுகிறது. ஒரு நிறுவனமோ அரசுத் துறையோ பணம் கொடுத்து இன்னொருவரைக் கொண்டு ஆவணப்படம் எடுப்பிப்பது போன்ற நேர்வுகளுக்கே (பி) கூறு பயன்படும். (சி) கூறைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அது மாதச் சம்பளத்துக்கு ஒருவரின் கீழ் பணிபுரிபவர்களுக்கானது. ஸ்டூடியோக்கள் இசைக்குழுவைச் சம்பளத்துக்கு வைத்திருந்த காலத்தில் அது சிலருக்குப் பொருந்தியிருக்கும். படத்துக்குப் படம் பேசிக் கொண்டு வேலை செய்தவர்களுக்குப் பொருந்தாது.

இரண்டாம் பகுதி தீர்ப்புக்குத் தேவையற்ற கருத்துரை என்று அடித்துச் சொல்ல நான் துணியவில்லை. கேள்வி வெளிப்படையாகவே நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டிருந்தது. ஆனால் திரையரங்கில் தனிக் கட்டணம் இல்லை என்ற முடிவுக்கு முதல் பகுதி மட்டுமே போதுமானது. இரண்டாம் பகுதியை அந்த முடிவின் எல்லைக்குள் வைத்துப் படிப்பதே பொருத்தம்: படம் படமாகத் திரையிடப்படும் அளவுக்குத் தயாரிப்பாளரின் உரிமை முழுமையானது.

இந்த வாசிப்புக்கு அதே அமர்வில் ஒரு சாட்சி இருக்கிறது. தீர்ப்போடு உடன்பட்டு, ஓர் அடிக்குறிப்பு என்று சொல்லி, நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் தனியே சில பத்திகள் எழுதினார். படத்தின் உரிமையும் இசையின் உரிமையும் ஒன்றையொன்று அழிக்காமல் உடன் வாழ்கின்றன என்கிறார் அவர். படத்தைப் படமாகத் திரையிடலாம். ஒலித்தடத்திலிருந்து பாட்டை மட்டும் பிரித்தெடுத்து அரங்கில் ஒலிக்கவிட்டால் அது இசையமைப்பாளரின் உரிமைக்குள் கால் வைப்பதாகும் என்பதே அவர் தரும் விளக்கம். இதை மனிதநேய நீதிபதி ஒருவரின் தனிப்பட்ட ஆதங்கமாக ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. இருவர் அமர்வில் ஒருவர் உடன்பட்டுக்கொண்டே தீர்ப்பின் பொருளை விளக்கினால், அந்த விளக்கத்தை ஆதங்கம் என்று தள்ளுவது எந்த வாசிப்பு மரபிலும் சேராது.

2012இல் நாடாளுமன்றம் 17ஆம் பிரிவில் புதிய வரம்புரை சேர்த்ததே முன்பு உரிமை இல்லாமலிருந்ததற்குச் சான்று என்பார்கள். (பி), (சி) கூறுகள் அடிப்படைப் படைப்பின் ஆசிரியர் உரிமையைப் பாதிக்காது என்பதே அந்த வரம்புரை. தவறாக வாசிக்கப்பட்டு வந்ததைத் தெளிவாக்கும் வாசகமாகவும் அதைக் கொள்ளலாம். நான் அப்படியே கொள்கிறேன். தயாரிப்பாளர்கள் எல்லா உரிமைகளையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட்டார்கள் என்பது மற்றொரு தடை. எழுதி வாங்கியிருந்தால் சரி. 19ஆம் பிரிவு எழுத்தும் கையொப்பமும் கேட்கிறது. வாய்ப்பேச்சும் முன்பண ரசீதும் உரிமை மாற்றம் ஆகா.

எந்த வாசிப்பை ஏற்கிறோம் என்பதால் விளைவு எப்படி மாறும் என்பதை ஒரு படத்தைக் கொண்டு பார்க்கலாம். 'பாவ மன்னிப்பு' 1961இல் வெளிவந்தது. படத்தின் பதிப்புரிமை வெளியீட்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. அது 2021 இறுதியில் முடிந்துவிட்டது. அதில் கண்ணதாசன் எழுதிய வரிகளின் காலம் அவர் மறைந்த 1981ஐக் கொண்டு கணக்கிடப்படும். 2041 இறுதிவரை நீளும். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை கூட்டுப் படைப்பு என்பதால், பின்னர் மறைந்த விஸ்வநாதனின் 2015ஐக் கொண்டு 2075 வரை. படத்தின் உரிமை முடிந்த பின்னும் பாட்டின் உரிமை உயிரோடு இருக்கிறது. அது யாரிடம் இருக்கிறது? வழக்கமான வாசிப்பு, தன் படத்தின் மீதே உரிமை இழந்துவிட்ட தயாரிப்பாளரின் வாரிசிடம் அதைக் கொடுக்கும். சட்டத்தின் வாசகம், எழுத்தில் உரிமை மாற்றம் இல்லாதவரை, பாடலாசிரியரின் குடும்பத்திடமும் இசையமைப்பாளர்களின் குடும்பங்களிடமும் கொடுக்கிறது.

உயர் நீதிமன்றங்கள் இன்னும் ஒருமுகமாக இல்லை. ஒலிப்பதிவை வானொலியில் ஒலிபரப்பும்போது அடிப்படைப் படைப்புக்குத் தனியாக ராயல்டி தர வேண்டியதில்லை என்றது 2021 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம். திருத்தத்துக்குப் பின் தர வேண்டும் என்றது 2023 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம். இரண்டிலும் விவாதம் பெரிதும் திருத்தத்தைச் சுற்றியே நடந்தது. திருத்தத்துக்கு முந்தைய 17(பி) கூறின் பட்டியல் நேரடியாகச் சோதிக்கப்பட வேண்டிய வழக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

அந்த வழக்கு வரும்போது ஒப்பந்தத் தாள்கள் கையில் இருக்க வேண்டும். 1950 முதல் 1980கள் வரை தமிழ்ப் படநிறுவனங்கள் பாடலாசிரியர்களோடும் இசையமைப்பாளர்களோடும் செய்துகொண்ட ஒப்பந்தங்களும் ரசீதுகளும் கடிதங்களும் பல குடும்பங்களின் அலமாரிகளில் இருக்கக்கூடும். அவற்றை வைத்திருப்பவர்கள் படியெடுத்து நூலகங்களுக்கோ ஆய்வாளர்களுக்கோ தர முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.